தனியார் நிலத்தினூடாகச் செல்லும் பொதுக் கழிவுநீர்க் குழாய் (இங்கிலாந்து, வேல்சு)

தனியார் நிலத்தினூடாகச் செல்லும் பொதுக் கழிவுநீர்க் குழாய் என்பது, ஒருவருக்குச் சொந்தமான வீட்டு வளவின் அடியில் புதைக்கப்பட்டிருந்தாலும், கழிவுநீர் நிறுவனத்துக்கு உரித்தான குழாய் ஆகும். இங்கிலாந்திலும் வேல்சிலும் இது மிகப் பரவலாகக் காணப்படுகின்றது. இத்தகைய வீட்டை வாங்குபவர் நிலத்தின் உரிமையைப் பெறுகின்றார்; குழாயின் உரிமையைப் பெறுவதில்லை. குழாயின்மீது எதைக் கட்டலாம், உடைந்தால் யார் செலவழிப்பது என்னும் இரு கேள்விகளும் இதிலிருந்தே எழுகின்றன. ஸ்காட்லாந்தின் சட்டம் வேறானது.

வரலாறு

கழிவுநீர் பெரும்பாலும் புவியீர்ப்பினாலேயே ஓடுகின்றது. ஆகவே குழாய்கள் தெருவின் போக்கைவிட நிலத்தின் சரிவையே பின்பற்றின. வரிசை வீடுகள் கட்டப்பட்டபோது, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தெருவுக்குத் தனிக் குழாய் இடுவதைவிடப் பின்புறத் தோட்டங்களினூடாக ஒரே குழாயை இடுவது மலிவாக இருந்தது.

1936 ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் 1937 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இடப்பட்ட கூட்டுக் குழாய்கள் பொதுவாகப் பொதுக் குழாய்களாகக் கருதப்பட்டன. பின்னர் இடப்பட்டவற்றுள் முறைப்படி பொறுப்பேற்கப்படாதவை தனியார் குழாய்களாகவே நீடித்தன. அவை அடைத்துக்கொண்டால் அவற்றைப் பயன்படுத்தும் வீட்டுக்காரர் அனைவரும் செலவைப் பகிர வேண்டியிருந்தது. அயலவரிடையே பல பிணக்குகளுக்கு இது காரணமாயிற்று.

2011 அக்டோபர் 1 அன்று இந்நிலை மாறியது. அவ்வாண்டு சூலை 1 அன்று பொது வலையமைப்புடன் இணைந்திருந்த தனியார் கூட்டுக் குழாய்களும், வீட்டு எல்லைக்கு வெளியே செல்லும் கிளைக் குழாய்களும் சில விலக்குகளுடன் கழிவுநீர் நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டன. ஒரு வீட்டின் எல்லைக்குள் அவ்வீட்டுக்கு மட்டும் பயன்படும் குழாய் இன்றும் வீட்டுக்காரருடையதே. எல்லைக்குள்ளேயே அயல்வீட்டுக் குழாய் வந்து சேரும் இடத்திலிருந்து அது பொதுக் குழாயாகின்றது. இதனால் எண்ணற்ற தோட்டங்களில் ஒரு கல்லைக்கூடத் தோண்டாமலே பொதுக் குழாய் தோன்றிவிட்டது எனலாம்.

நிறுவனத்தின் உரிமைகள்

1991 ஆம் ஆண்டின் நீர்த் தொழில் சட்டத்தின்படி, நிறுவனம் முன்னறிவித்தல் தந்து தனியார் நிலத்தில் நுழைந்து குழாயைப் பழுதுபார்க்கலாம். அவசர வேளைகளில் முன்னறிவித்தல் தேவையில்லை. வேலையினால் நிலத்துக்கு நேரும் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. பழுதுபார்க்கும் செலவும் நிறுவனத்துடையதே. வாங்குவோர் பெரும்பாலும் எண்ணிப் பார்க்காத நன்மை இது.

கட்டடம் எழுப்புதல்

உண்மையான இடர்ப்பாடு வீட்டைப் பெருப்பிக்க முனையும்போதே தோன்றுகின்றது. இங்கிலாந்தின் கட்டட ஒழுங்குவிதிகளில் எச்4 எனப்படும் பகுதி, குழாய் வரைபடத்தில் காட்டப்பட்ட பொதுக் குழாயின் மேலோ அதிலிருந்து 3 மீட்டருக்குள்ளோ செய்யப்படும் கட்டட வேலைகளுக்குப் பொருந்தும். நிறுவனத்தின் இசைவும் பெறப்பட வேண்டும். அத்திவாரத்தின் பளு குழாயில் ஏறக் கூடாது. ஆள் இறங்கும் குழியைக் கட்டடத்துக்குள் அடைத்துவிடவும் கூடாது. பெரிய குழாய்களின் மேல் கட்டுவதற்கு இசைவு கிடைப்பது அரிது. எனவே பின்புறம் சமையலறையை நீட்டும் எண்ணத்துடன் வீடு வாங்குபவருக்குக் குழாய் இருக்கிறதா என்பதைவிட, அது எவ்விடத்தில், எவ்வளவு ஆழத்தில் செல்கின்றது என்பதே முதன்மையானது.

முன்னைய உரிமையாளர் இசைவின்றி ஏற்கனவே கட்டியிருந்தால் சிக்கல் கூடும். விற்பவர் இழப்பீட்டுக் காப்புறுதி எடுத்துத் தருவது வழக்கம். அது பண இழப்பை ஈடுசெய்யக்கூடும். தரையின் கீழ் நசுங்கிய குழாயைச் செம்மைப்படுத்தாது. வாங்குபவர் முந்திக்கொண்டு நிறுவனத்திடம் விசாரித்தால் இத்தகைய காப்புறுதி கிடைக்காமலும் போகலாம். ஆதலால் எதை முதலில் செய்வது என்பதை வழக்கறிஞருடன் பேசி முடிவுசெய்தல் நன்று.

வாங்குமுன் அறிதல்

வாங்குபவரின் வழக்கறிஞர் பொதுவாகக் கான்29டிடபிள்யூ என்னும் வடிகால், நீர்த் தேடலறிக்கையைப் பெறுவார். வீட்டு எல்லைக்குள் பொதுக் குழாய் உள்ளதா, கட்டடத்திலிருந்து 30.48 மீட்டருக்குள் (100 அடி) உள்ளதா என்பவற்றுக்கு அதில் விடை இருக்கும். எனினும் 2011 இல் மாற்றப்பட்ட குழாய்களுள் பல வரைபடத்தில் ஏறவேயில்லை. அறிக்கையில் "இல்லை" என்று இருப்பதை நிலத்தடியில் இல்லை எனக் கொள்ள முடியாது.

இதனால் நேரில் பார்ப்பது இன்றியமையாதது. தோட்டத்தில் இரும்பு மூடி தெரிந்தால், அதைத் திறப்பித்து, அயல்வீட்டில் நீரைத் திறந்துவிடச் சொன்னால் அங்கிருந்து நீர் வருகின்றதா எனத் தெரிந்துவிடும். குழாய்க்குள் நிகழ்படக் கருவி செலுத்தியும் ஆராயலாம். பழைய களிமண் குழாய்களின் பொருத்துகளில் மர வேர்கள் புகுந்திருக்கலாம். 1950கள் முதல் 1970கள் வரை இடப்பட்ட, தாரில் ஊறிய நார்க் குழாய்கள் காலப்போக்கில் தட்டையாகிவிடுகின்றன.

நிலத்தைத் திருத்தியமைக்கக் குழாய் தடையாக இருப்பின், அதை இடம் மாற்றுமாறு 1991 சட்டத்தின் 185 ஆம் பிரிவின்கீழ் நிறுவனத்தைக் கோரலாம். செலவு முழுவதும் கோருபவருடையது. போதிய சரிவு கிடைக்காத வளவில் அதற்கு வழியில்லாமலும் போகலாம்.