மோட்டாருக்கு எல்லை சொல்லும் சுவிட்ச்



சி.டி. டிரைவில் பட்டனை அழுத்தினால் தட்டு வெளியே வரும். முழுசா வந்ததும் தானாக நின்றுவிடும். மோட்டாருக்குத்தான் கண் கிடையாதே, யார் நிறுத்துவது? உள்ளே இருக்கும் ஒரு குட்டி சுவிட்ச்தான். தட்டு வந்து பட்டதும் அது அழுந்தி, "போதும், நில்" என்று சொல்லும். இதன் பெயர் லிமிட் சுவிட்ச்.

ஆய்வகத்தில் இதற்கு என்ன வேலை?

என் மாமா ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர். அவரிடம் கேட்டு எழுதுகிறேன். நுண்ணோக்கியின் கீழே பொருளை நகர்த்த மோட்டார் மேடை உண்டு. மோட்டார் திருகைச் சுற்றும், மேடை நகரும். ஸ்டெப்பர் மோட்டாரில் ஒரு சுற்றுக்கு 200 படி வைக்கும் வகை உண்டு. ஒரு சுற்றுக்கு மேடை 1 மி.மீ. நகர்ந்தால், ஒரு படிக்கு 0.005 மி.மீ.தான்! ஆனால் ஓரத்தில் போய் மோதினால் திருகு கெட்டுப்போகும். நடுவில் விரல் இருந்தால் நசுங்கும். அதனால் இரண்டு ஓரத்திலும் சுவிட்ச் வைக்கிறார்கள்.

சோதிப்பது எப்படி?

1. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சுவிட்சை அழுத்தியும் விட்டும் மல்டிமீட்டரில் பார்க்கணும்.

2. மேடையை நடுவில் மெதுவாக ஓடவிட்டு, அது போகிற பக்கத்துச் சுவிட்சைக் குச்சியால் அழுத்தணும். உடனே நிற்கணும்.

3. அழுத்தியபடியே எதிர்ப்பக்கம் ஓட்டினால் திரும்பி வரணும்.

4. மின்சாரத்தை நிறுத்தி அந்தச் சுவிட்சின் ஒயரைக் கழற்றணும். மறுபடி மின்சாரம் கொடுத்தால், மேடை அந்தப் பக்கம் நகரவே கூடாது.

5. ஒயரை மாட்டிவிட்டு ஓரம் வரை மெதுவாக ஓட்டணும். மோதுவதற்கு முன்பே நிற்கணும்.

ஒயரை ஏன் கழற்றணும்?

சுவிட்சில் காமன், என்.ஓ., என்.சி. என்று மூன்று முனைகள். காமனோடு என்.ஓ.வில் இணைத்தால் அழுத்தும்போதுதான் மின்சாரம் போகும். ஒயரை எலி கடித்துவிட்டால்? "எல்லை இன்னும் வரலை" என்று நினைத்து மேடை ஓடிப்போய் மோதும். என்.சி.யில் எப்போதும் மின்சாரம் போகும், அழுத்தினால் நிற்கும். அதில் ஒயர் அறுந்தாலும் அழுத்தினது மாதிரியே ஆகி, மோட்டார் நின்றுவிடும். அதனால் என்.சி.தான் பாதுகாப்பு.

"விளக்கு கெட்டா இருட்டாகும், உடனே தெரியும். லிமிட் சுவிட்ச் கெட்டா மோதுற அன்னைக்குத்தான் தெரியும். அதான் முன்னாடியே சோதிக்கிறோம்" என்றார் மாமா.

யோசியுங்கள்: இடது, வலது சுவிட்ச் ஒயர்களை மாற்றி மாட்டிவிட்டால் எந்தச் சோதனையில் முதலில் தெரியும்? விடையைக் காரணத்தோடு எழுதி அறிவியல் டீச்சரிடம் கொடுங்கள்!

- 9-ஆம் வகுப்பு மாணவி