‘கெ’ திரையில் தோன்றுவது எப்படி?

கம்ப்யூட்டருக்கு அட்சரம் தெரியாது, எண்தான் தெரியும். விசைப்பலகையில் நாம் ‘கெ’ என்று தட்டும்போது, விசைக்கு அடியில் மின்சுற்று ஒரு க்ஷணம் இணைந்து, இன்ன விசை அழுந்தியது என்னும் சங்கேதம் உள்ளே செல்ல, அது யூனிகோடு முறைப்படி 2965, 3014 என்னும் இரண்டு எண்களாகி, ககரம் முன்னும் கொம்பு பின்னுமாக நினைவகத்தில் பதிவாகிறது. இதுவே உள்ளீடு.

திரையிலோ கொம்பு முன்னால் நிற்கிறதே, ஏன்? நாம் எழுதும் வழக்கத்தை மனிதர் முன்னரே விதிகளாக வகுத்து வைத்திருக்க, அவ்விதிகளைப் புராசஸர் ஒவ்வொன்றாக நிறைவேற்றி, கொம்பை இடம் மாற்றி, எழுத்துருவிலிருந்து வடிவத்தை எடுத்து, திரையின் எந்தெந்தப் புள்ளிகள் பிரகாசிக்க வேண்டும் என்று நிர்ணயிக்கிறது. அப்புள்ளிகள் ஒளிர்வதே வெளியீடு. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆயினும் அதற்காக அந்த யந்திரத்தை மேதாவி என்று வியப்பது வீண். ‘கெடு’ என்று தட்டினாலும் ‘கொடு’ என்று தட்டினாலும், இரண்டின் அர்த்தத்தையும் அது அறியாது.