குண்டுகளை அடுக்கிய கணக்கு

சென்ற வாரம் மேசைமேல் ஒரே அளவுக் காசுகளை நெருக்கிப் பரப்பும் கணக்கைப் பார்த்தோம். ஒரு காசைச் சுற்றி ஆறு காசுகள். அதைவிட நெருக்க வழியில்லை. இந்த வாரம் காசுகளை விட்டு உருண்டைகளுக்கு வருவோம்.

கப்பல் தளத்தில் குவித்திருக்கும் பீரங்கிக் குண்டுகள் எத்தனை என்று குவியலின் வடிவத்தை வைத்தே சொல்ல முடியுமா? கடலோடி வால்டர் ராலே, கணிதர் தாமஸ் ஹாரியட்டிடம் கேட்ட கேள்வி இது. ஹாரியட் சூத்திரம் கண்டுபிடித்துக் கொடுத்தார். பின்னாளில் அவருக்கும் கெப்ளருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. பனித்துகளுக்கு ஏன் ஆறு மூலை என்று ஆராயும் சிறுநூல் ஒன்றை 1611-இல் ப்ராக் நகரில் கெப்ளர் தன் நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தார். குழிக்குள் குண்டு உட்கார அடுக்கும் இந்த முறையைவிட நெருக்கமான அடுக்கு கிடையாது என்று அதில் எழுதினார். நிரூபணம் தரவில்லை.

இந்த அடுக்கில் குண்டுகள் நிரப்பும் இடம் சுமார் 74.05 சதவீதம். பழக்கடைக்காரர் ஆரஞ்சை இப்படித்தான் அடுக்குகிறார். கண்ணுக்கே தெரிகிற உண்மையை நிறுவ ஏன் நானூறு ஆண்டுகள் ஆயின?

ஒரு குண்டைச் சுற்றி, அதைத் தொடும்படி பன்னிரண்டு குண்டுகள் வைக்கலாம். பழக்கடை அடுக்கிலும் பன்னிரண்டுதான். ஆனால் அவற்றை வேறு விதமாக, இருபது முக்கோண முகங்கள் கொண்ட வடிவத்தின் மூலைகளில் நிறுத்தினால், நடுக்குண்டைச் சுற்றியுள்ள நெருக்கம் 75 சதவீதத்தையும் தாண்டும். அதாவது ஓரிடத்தில் கெப்ளரை வெல்லலாம்! அதே அமைப்பை நாலாபுறமும் நீட்டிக்கொண்டு போனால் இடைவெளி விழுந்துவிடுகிறது. ஓரிடத்து லாபம் பக்கத்து நஷ்டத்தில் கரைந்தே தீரும் என்று, எண்ணற்ற ஒழுங்கற்ற அடுக்குகள் அனைத்துக்கும் காட்ட வேண்டும். கணக்கின் உயிர்நாடி இங்கேதான்.

1831-இல் காஸ், ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வரும் அடுக்குகளுக்கு மட்டும் நிறுவினார். 1900-இல் ஹில்பர்ட் தன் புகழ்பெற்ற பட்டியலின் 18-ஆவது கணக்கில் இதையும் சேர்த்தார். 1953-இல் ஹங்கேரியின் லாஸ்லோ ஃபேயெஷ் டோத், வேலையை முடிவுள்ள எண்ணிக்கையிலான கணக்கீடுகளாகச் சுருக்கலாம் என்று காட்டினார். அதைக் கணினி முடிக்கலாம் என்ற யோசனையும் அவருடையதே.

அந்த வழியில் போனவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஹேல்ஸ். மாணவர் சாமுவேல் ஃபெர்குசனோடு உழைத்து, 1998 ஆகஸ்டில் நிரூபணத்தை அறிவித்தார். சுமார் 250 பக்கங்கள். கூடவே மூன்று ஜிகாபைட் அளவில் நிரல்களும் தரவுகளும். ஐயாயிரம் அமைப்புகளை ஒவ்வொன்றாகக் கணினி சோதித்திருந்தது.

'அனல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸ்' இதழ் பன்னிரண்டு மதிப்பீட்டாளர்களை அமர்த்தியது. தலைவர் காபோர் ஃபேயெஷ் டோத், லாஸ்லோவின் மகன். தந்தை வகுத்த பாதையில் இன்னொருவர் கட்டியதை மகன் சரிபார்க்கிறார். ஆண்டுக்கணக்கில் உழைத்தபின், 99 சதவீதம் உறுதி, முழுமையாகச் சான்றளிக்க இயலவில்லை என்றார்கள். கட்டுரை 2005-இல் அச்சேறியது.

பெரும்பாலோர் அத்தோடு நின்றிருப்பார்கள். பேர் கிடைத்துவிட்டது, பிழையும் யாரும் காட்டவில்லை. ஹேல்ஸை நான் பெரிதும் மதிப்பது அவர் அடுத்துச் செய்ததற்காகத்தான். மதிப்பீட்டாளர்களின் முடிவு தெரிந்த 2003-லேயே, மீதி ஒரு சதவீதத்துக்காக 'ஃப்ளைஸ்பெக்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். நிரூபணத்தின் ஒவ்வொரு படியையும், நாம் 'தெளிவு' என்று தாண்டிவிடும் படிகளையும்கூட, தர்க்க விதிகளாக உடைத்து எழுத வேண்டும். அவற்றைக் கணினி சரிபார்க்க வேண்டும். இருபது ஆண்டு வேலை என்று அவரே மதிப்பிட்டார். வியட்நாம் கணிதர்கள் பலர் தோள் கொடுத்தார்கள். 2014 ஆகஸ்ட் 10 அன்று வேலை முடிந்தது. 2017-இல் வெளியான கட்டுரையில் 22 பேரின் பெயர்கள் இருந்தன.

இதற்குள் எட்டுப் பரிமாணத்தில் இதே கணக்கை உக்ரைனைச் சேர்ந்த மரினா வியாசோவ்ஸ்கா தனி ஒருவராக 2016-இல் தீர்த்திருந்தார். எடுத்துக்கொண்டது 23 பக்கங்கள். மூன்று பரிமாணத்தில் கிடைக்காத எந்த வசதி எட்டில் இருந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)