வாசற்படி

வீட்டில் எல்லோர் காலும் படுகிற இடம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டு வணங்கப்படுகிற இடமும் அதுவே. வாசல் நிலையின் கீழ்ப்படியைத்தான் சொல்கிறோம். அதன்மேல் உட்காரக் கூடாது, நின்றுகொண்டு பேசக் கூடாது, அதற்கு இப்புறமும் அப்புறமுமாக நின்று பொருள் கொடுத்து வாங்கக் கூடாது என்று நம் பாட்டிமார் செய்துவைத்த விதிகள் அநேகம். ஹிரண்யகசிபுவை நரசிம்மமூர்த்தி ஸம்ஹாரம் செய்ததும், உள்ளும் அல்லாத புறமும் அல்லாத வாசற்படியில்தான் என்பது புராணப் பிரஸித்தம். இவ்வளவு மரியாதை பெற்ற படியின் அடிப்பாகம் எப்படி இருக்கிறது என்று குனிந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நாமும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததன் பலனை அனுபவித்த பிறகே இதை எழுதத் துணிகிறோம்.

கும்பகோணத்துக்கு அருகே உள்ள நமது பூர்வீக வீட்டின் வாசல் நிலை பர்மாத் தேக்கினால் ஆனது. இரட்டைக் கதவு. கீல் கிடையாது, கதவுகளின் மேலும் கீழும் நீண்டிருக்கும் குடுமிகள் நிலையில் குடைந்த குழிகளில் அமர்ந்து சுழலும். ஆகவே கதவுகளின் பாரம் முழுவதும் கீழ்ப்படியின் தலைமேல்தான். நான்கு தலைமுறையினர் மிதித்து மிதித்து, அந்தப் படியின் நடுவே ஓர் அங்குலத்துக்குக் குறையாத பள்ளம் விழுந்திருந்தது. ஐப்பசி மழையில் அதில் ஜலம் தேங்கும். சில வருஷங்களுக்கு முன் நாம் ஒரு யுக்தி செய்தோம். சிமெண்டுச் சாந்தைக் குழைத்துப் பள்ளத்தை நிரப்பி, மேலே வர்ணமும் பூசிவிட்டோம். படி புதுப்படி போல் ஆயிற்று. நம் சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

சென்ற கார்த்திகையில் வலப்புறக் கதவு தரையில் உராயத் தொடங்கியது. நிலைக்காலின் ஓரமாக மெல்லிய மண்கோடு ஒன்று மேல்நோக்கி ஏறியது. 'மழைக்காலம் கழியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிட்டோம். ஒரு நாள் விடியற்காலையில் கோலம் போடப் புறப்பட்ட பாட்டி, இறுகிப்போன கதவைப் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். கதவு திறந்தது, படியின் உளுத்த விளிம்பும் கூடவே பெயர்ந்தது. பாட்டி இடறி விழுந்தார். எலும்பு முறியாமல் தப்பியது பகவான் செயல். பத்து நாள் படுக்கையோடு போயிற்று. அந்தப் பத்து நாளும், நாம் பூசிய வர்ணம் நம்மைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருந்தது.

யோசனை சொல்ல வந்தவர்களுக்குக் குறைவில்லை. நிலையைப் பெயர்த்தெறிந்துவிட்டு இரும்பு நிலை வைத்துவிடும்படி ஒருவர் சொன்னார். பழைய சாமான் வியாபாரி ஒருவர் கதவுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, கையோடு பணம் எண்ணிக் கொடுக்கச் சித்தமாக நின்றார். செட்டிநாட்டு மாளிகைகளின் கதவுகளும் தூண்களும் காரைக்குடிக் கடைகளில் விலைக்கு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வியாபாரம் புதிதல்ல. ஆனால் அந்த மரம் இனி எங்கிருந்து வரும்? பர்மா என்று நாம் அழைத்துவந்த மியான்மர் தேசம், வெட்டிய மரத்தை முழு மரமாக வெளிநாட்டுக்கு அனுப்புவதை 2014-இல் தடை செய்துவிட்டது. விற்பது ஒரு நாள் வேலை. அதே தரத்து மரத்தைத் திரும்ப வாங்குவதோ சுலபமான காரியமல்ல.

கடைசியில், அறுபது வயது கடந்த தச்சர் ஒருவர் வந்தார். அவர் பேசுவதற்கு முன் தட்டிப் பார்த்தார். உளியின் பிடியால் நிலைக்கால்களை அடிமுதல் நுனிவரை தட்டினார், கணீரென்றது. படியைத் தட்டினார், பொத்தென்றது. பேனாக்கத்தியை எடுத்துக் குத்தினார். நிலைக்காலில் முனைகூட இறங்கவில்லை. படியில் பிடி வரை இறங்கியது.

"நிலைக்கு ஒன்றுமில்லை, ஐயா. படிதான் போயிற்று. நீங்கள் மேலே மூடினீர்கள். கீழே யார் பார்த்தார்கள்?" என்றார்.

பிறகு அவர் விளக்கிய விஷயம் எல்லா வீட்டாரும் அறியத்தக்கது. மரம் மழைக்காலத்தில் பருக்கும், கோடையில் சுருங்கும். சிமெண்டு அதனோடு கூடப் பருப்பதுமில்லை, சுருங்குவதுமில்லை. இரண்டுக்கும் நடுவே மயிரிழை போல் வெடிப்பு விழும். அதன் வழியே இறங்கும் ஜலம் திரும்பி ஆவியாகப் போக வழியில்லை. ஓயாமல் ஈரமாக இருக்கும் மரத்தைப் பூஞ்சக்காளான் தின்னும். மண்ணிலிருந்து கறையானும் ஏறிவரும். திறந்து கிடந்த பள்ளம் வெயிலில் காய்ந்தாவது வந்தது. நாம் மூடிய பிறகு அந்த அதிர்ஷ்டமும் படிக்கு இல்லாமற் போயிற்று.

தை பிறந்து, ஈரம் வற்றியதும் வேலை தொடங்கியது. முதலில் மேற்படிக்கு முட்டுக் கொடுத்தார். கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாத்தினார். பழைய படியை இரண்டு இடத்தில் ரம்பத்தால் அறுத்து நடுத்துண்டை எடுத்தார். நிலைக்கால்களின் கழுந்துகள் புகுந்திருந்த இரு முனைகளையும் உளியால் சிறிது சிறிதாகப் பிளந்து எடுத்தார். கழுந்துகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கறையான் மண்ணைச் சுரண்டி எறிந்து, அவ்விடத்தில் மருந்தும் விட்டார். கொத்தனார் அடியில் இருந்த ஒரு வரிச் செங்கலைப் பெயர்த்துவிட்டு, கருங்கல் பலகை பதித்து அதன்மேல் தார் பூசினார். தரையின் ஈரம் இனி மரத்தை எட்டாது.

புதுப்படிக்கு, இடிந்த வீடொன்றின் பழைய உத்தரத்தில் ஒரு துண்டு கிடைத்தது. பல வருஷம் காய்ந்த மரம் இனிக் கோணாது. வெளிப்பக்கத்து வெளிறு முழுவதையும் வாய்ச்சியால் செதுக்கித் தள்ளிவிட்டு, வைரத்தை மட்டுமே தச்சர் எடுத்துக்கொண்டார். உள்ளே வைரம் உடையதுதான் மரம் என்று தொல்காப்பியம் வகுத்திருப்பதை அவர் படித்திருக்க மாட்டார். அவர் உளி அறிந்திருந்தது. படியின் மேற்பரப்பு வெளிப்புறமாகக் கால் அங்குலம் தாழும்படி வாட்டம் கொடுத்தார். விளிம்புக்கு அடியில் சிறு காடி ஒன்று இழுத்தார். வழிந்துவரும் ஜலம் உட்புறம் ஊர்ந்து போகாமல் அங்கேயே சொட்டிவிடும். மரம் தண்ணீரை அதிகமாகக் குடிப்பது அறுத்த நுனிகளின் வழியாகத்தான் என்று சொல்லி, நுனிகளுக்கும் குடைந்த குழிகளுக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பூசினார். பின்பு படியை அடியிலிருந்து ஏற்றி, இருபுறமும் ஆப்பு வைத்துச் சிறிது சிறிதாக உயர்த்தினார். கழுந்துகள் தம் இடத்தில் போய் அமர்ந்தன. ரசமட்டம் வைத்துப் பார்த்து, இடைவெளியைக் கல்லால் இறுக்கினார்.

எண்ணெய் காய்ந்ததும், உள்ளே பார்த்து, "பெரியம்மா, ஒரு தரம் தாண்டிப் பாருங்கள்" என்று பாட்டியைக் கூப்பிட்டார். அறுபது வருஷமாகப் பள்ளத்துக்குப் பழகிய கால். புதுப்படியின் உயரம் அதற்குத் தெரியாது. பாட்டியின் விரல் படியில் இடித்தது. தச்சர் வாய் பேசாமல் இழைப்புளியை எடுத்தார். வாட்டம் கெடாதபடி மேற்பரப்பை இழைத்துத் தணித்து, இரண்டு விளிம்புகளையும் உருட்டிவிட்டார். மூன்றாம் முறை பாட்டி தடையின்றி வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தார். நம் யோசனையில் ஒரு கணமும் தோன்றாத அளவு இது.

செலவு, சில நாள் கூலியும் ஓர் உத்தரத்துண்டின் விலையும்தான். நிலை நின்றது, கதவுகள் விரல் பட்டால் திறக்கின்றன. பழையது என்பதற்காக எல்லாவற்றையும் பெயர்த்தெறிவோர் ஒரு பக்கம். பழையது என்பதற்காக உளுத்ததையும் பூசி மெழுகிக் காப்போர் மறு பக்கம். வீட்டு விவகாரத்தில் மட்டுமன்றித் தேச விவகாரத்திலும் இவ்விரு கட்சியாரை நாம் அறிவோம். தட்டிப் பார்த்து, கெட்டதை மாத்திரம் நீக்கத் தெரிந்தவர்தாம் அரிது. இந்தத் தச்சரின் மகன் பட்டணத்தில் வேறு உத்தியோகம் பார்க்கிறார். அந்தக் கையின் வித்தையை ஏற்க வேறு கை இல்லை என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. நேயர்கள் ஊரில் இத்தகைய கிழவர் இருந்தால், இருக்கும்போதே கூப்பிட்டு வேலை கொடுங்கள். பக்கத்தில் ஒரு பையனையும் நிறுத்துங்கள்.

ஒன்று சொல்ல மறந்தோம். பழைய படியின் அடியில், நிலை வைத்த நாளில் யாரோ இட்ட செப்புக் காலணா ஒன்று கிடைத்தது. விக்டோரியா ராணியின் தலை. 1901 என்று வருஷம். 1950-இல் ராஜாவின் தலை போய், அசோகச் சிங்கங்கள் நம் நாணயத்தில் ஏறின. ஆகவே சிங்கம் பொறித்த ரூபாய் ஒன்றைப் புதுப்படியின் அடியில் வைத்தோம். காலணாவை என்ன செய்வது என்று நாம் விழித்தோம்.

"அதையும் உள்ளே போடு. அதை வைத்த கை நம் வீட்டுக் கைதானே?" என்றார் பாட்டி.

இரண்டும் இப்போது படிக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.