எந்திரத்துக்கும் ஒரு பொட்டு!
ராமானுஜர் பிறந்த மண்ணில் நன்றி சொல்லும் திருநாள்

ஆண்டு முழுவதும் ஓடிய எந்திரம் அன்று ஓய்வு எடுக்கும்.

அதன் மேல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பார்கள். சந்தனம் பூசுவார்கள். குங்குமப் பொட்டு வைப்பார்கள். இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டுவார்கள். மாவிலைத் தோரணம் ஆடும். தட்டில் பொரி, கடலை, சுண்டல் இருக்கும்.

திருகாணி முடுக்கும் கருவிக்கும் பொட்டு. சாமான் தள்ளும் வண்டிக்கும் பொட்டு. வாசலில் நிற்கும் பஸ்சுக்கும் மாலை!

ஆயுத பூசை நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பகுதிகளில் உள்ள பல தொழிற்சாலைகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

எந்திரத்துக்குக் காது உண்டா? அது நன்றியை ஏற்றுக்கொள்ளுமா?

இல்லை. ஆனாலும் நாம் சொல்லுகிறோம். ஏன்? அதில்தான் விஷயம் இருக்கிறது.

ஏரிக்கரையில் எழுந்த ஆலைகள்

ஏரியும் வயலுமாக இருந்த பூமி இது. 1998-ம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்து ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடித் தொழிற்சாலை வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. லாரி, மோட்டார் சைக்கிள், டயர், செல்போன் என்று இன்னும் பல ஆலைகளும் எழுந்தன.

விடியும் முன்பே பஸ்கள் வரிசையாக ஓடுகின்றன. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஆணும் பெண்ணும் இறங்குகிறார்கள். வேலூர்ப் பக்கத்துப் பிள்ளையும் இருப்பான். பீகாரில் இருந்து வந்த பிள்ளையும் இருப்பான்.

வடக்கே இருந்து வந்தவர்களுக்கு செப்டம்பர் 17-ந் தேதி விசுவகர்மா பூசை. நமக்கு நவராத்திரியின் 9-வது நாள் ஆயுத பூசை. நாள்தான் வேறு. எண்ணம் ஒன்றுதான். "எனக்குச் சோறு போடும் கருவியே, உன்னை நான் மறக்கவில்லை" என்பதே அந்த எண்ணம்.

ஒரு குடம் தண்ணீர்

இந்த மண்ணுக்கு நன்றி என்பது புதிது அல்ல. ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோவிலுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். வைணவத்தை வளர்த்த மகான் ராமானுஜர் 1017-ம் ஆண்டு பிறந்த ஊர் அல்லவா அது!

அவர் இளைஞராக இருந்தபோது நடந்ததாக ஒரு கதை சொல்லுவார்கள்.

ராமானுஜர் காஞ்சீபுரம் அருகே யாதவப்பிரகாசர் என்பவரிடம் பாடம் படித்தார். சீடனின் அறிவு குருவையே மிஞ்சியது. குருவுக்குப் பொறாமை வந்தது. காசி யாத்திரைக்கு அழைத்துப் போய் கங்கையில் தள்ளிவிடத் திட்டம் போட்டார்!

ராமானுஜரின் தம்பி முறையான கோவிந்தன் இதை அறிந்து, அண்ணனிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டார். ராமானுஜர் கூட்டத்தை விட்டு விலகினார். விந்திய மலைக் காட்டில் தன்னந்தனியாக நின்றார்.

அங்கே ஒரு வேடனும் அவன் மனைவியும் வந்தார்கள். "பயப்படாதே, எங்களோடு வா" என்று துணைக்கு அழைத்துக்கொண்டார்கள். இரவு ஆயிற்று. மரத்தடியில் தங்கினார்கள். "தாகமாக இருக்கிறது" என்றாள் வேடன் மனைவி. இருட்டில் தண்ணீருக்கு எங்கே போவது?

பொழுது விடிந்தது. பக்கத்தில் ஒரு கிணறு தெரிந்தது. ராமானுஜர் ஓடிப்போய்க் கைகளால் தண்ணீர் அள்ளி வந்து கொடுத்தார். மூன்று முறை கொடுத்தார். நான்காவது முறை வந்து பார்த்தால், இருவரையும் காணோம்!

"இது எந்த ஊர்?" என்று வழியில் போனவர்களைக் கேட்டார். "காஞ்சீபுரம்! அதோ கோபுரம் தெரிகிறதே!" என்றார்கள். ஒரே இரவில் ஊர் வந்து சேர்ந்துவிட்டார். வந்தது வரதராஜப் பெருமாளும் தாயாரும்தான் என்று உணர்ந்து மெய்சிலிர்த்தார்.

இது பக்தர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆனால் அடுத்து ராமானுஜர் செய்ததைக் கவனியுங்கள்.

அவர் பெரிய விழா எடுக்கவில்லை. பொன்னும் மணியும் தேடவில்லை. அதே கிணற்றில் இருந்து தினமும் ஒரு குடம் தண்ணீர் சுமந்து வந்து வரதராஜருக்குக் கொடுத்தார். தாகம் தீர்த்த தண்ணீரே காணிக்கை ஆயிற்று. காஞ்சீபுரம் செவிலிமேட்டில் உள்ள சாலைக் கிணறு அதுதான் என்று இன்றும் காட்டுகிறார்கள்.

நன்றி என்பது இதுதான். கையில் இருப்பதைக் கொண்டு தினமும் செய்வது.

தேனும் தினையும்

ராமானுஜருக்குச் சோதனை அத்தோடு தீரவில்லை. சோழ அரசனின் கோபத்தால் ஸ்ரீரங்கத்தை விட்டே போக நேர்ந்தது. அப்போது சீடர் கூரத்தாழ்வார், குருவின் காவி உடையைத் தாம் உடுத்திக்கொண்டு அரசவைக்குப் போனார். குரு தப்பினார். சீடர் கண்களை இழந்தார்!

காட்டு வழியாக நடந்து களைத்த ராமானுஜருக்கு வேடர்கள் தேனும் தினையும் கொடுத்துப் பசி தீர்த்தார்கள் என்று குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன.

கர்நாடகத்தில் மேல்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தக் கோவிலின் செல்வப்பிள்ளை விக்கிரகத்தை வடக்கே இருந்து மீட்டு வரும் வழியில் ஆபத்து வந்தது. காப்பாற்றியவர்கள், ஊரார் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிவைத்த மக்கள்.

ராமானுஜர் அவர்களுக்கு வாயால் மட்டும் நன்றி சொன்னாரா? இல்லை. "திருக்குலத்தார்" என்று பெயர் கொடுத்தார். ஆண்டில் சில நாட்கள் கோவிலுக்குள் வரும் உரிமையும் வாங்கிக் கொடுத்தார்.

சில நாட்கள்தானா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லா நாளும் எல்லோரும் உள்ளே போகலாம் என்று சட்டம் சொல்ல, 20-ம் நூற்றாண்டு வர வேண்டி இருந்தது. ஆனால் கதவு முழுவதும் அடைத்திருந்த காலத்தில், நன்றியின் பேரால் அதைக் கொஞ்சம் திறந்து வைத்தவர் அவர்.

கதவு அடைத்தபோது...

இப்போது ஒரு கசப்பான கேள்வி.

2006-ம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் தொழிற்சாலை தொடங்கியது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைத்தது. பலர் கிராமத்துப் பெண்கள். முதல் சம்பளத்தைத் தாயின் கையில் கொடுத்த பெண்கள். 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி நின்றது. எந்திரங்கள் ஓய்ந்தன.

பின்னர் வேறு ஒரு கம்பெனி அந்த இடத்தை வாங்கியது. 2020-ல் அங்கே மீண்டும் வேலை தொடங்கியது. ஆனால் வேலை போன வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! இடையில் போன ஆண்டுகள் திரும்புமா?

"அந்த எந்திரத்துக்குத்தானே பொட்டு வைத்தோம்! சாமி என்ன செய்தது?" என்று ஒருவர் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பதில் ஒன்றுதான். நன்றி வேறு, லஞ்சம் வேறு. "நான் பூசை போடுகிறேன், நீ வேலையைக் காப்பாற்று" என்பது பேரம். பேரம் ஒருநாள் முறியும். நன்றி முறியாது. கிடைத்ததை மறவாதவன், கிடைக்காதபோதும் நிமிர்ந்து நிற்பான். கண்ணை இழந்த கூரத்தாழ்வார் குருவை நொந்துகொள்ளவில்லையே!

அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? கூடாது. நியாயமான கூலி கேட்பது உரிமை. நன்றி உள்ளவன் அடிமை அல்ல.

நன்றி ஒருவழிப் பாதையும் அல்ல. எந்திரத்துக்குப் பொட்டு வைக்கும் முதலாளி, அதை ஓட்டும் விரலுக்குத் தடுப்பு வைக்க வேண்டாமா? பூசை நாளில் இனிப்புப் பெட்டி கொடுத்தால் போதுமா? மற்ற நாட்களில் உரிய கூலியும் ஓய்வும் கொடுப்பதுதான் முதலாளி சொல்லும் நன்றி.

இந்த ஆண்டு பூசைக்கு...

ஆயுத பூசையில் பூசணிக்காய் உடைப்பது வழக்கம். அதை நடுரோட்டில் போட்டுவிடாதீர்கள். ஸ்கூட்டரில் வருகிறவர் வழுக்கி விழுவார். நம் நன்றி இன்னொருவர் காலை ஒடிக்கலாமா? ஓரமாக உடையுங்கள். உடனே அள்ளிவிடுங்கள்.

எந்திரத்துக்குப் பொட்டு வைத்த பிறகு, ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்.

இருட்டில் எழுந்து சோறு கட்டிக் கொடுத்தது யார்? தூங்கிய உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கிய பஸ் டிரைவர் யார்? நீங்கள் சாப்பிட்ட தட்டைக் கழுவியது யார்? உங்கள் தொழிற்சாலை நிற்கும் இடத்தில் முன்பு நெல் விளைத்தது யார்?

அவர்களுக்குக் காது உண்டு. சொன்னால் கேட்கும். முகம் மலரும்!

இன்று இரவு வீட்டில் சாப்பிட உட்காரும்போது தொடங்குங்கள். "சாப்பாடு நன்றாக இருந்தது அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ராமானுஜர் சுமந்தது ஒரு குடம் தண்ணீர். நம்மால் ஒரு வார்த்தை சுமக்க முடியாதா?