பெயரில்லாத ஒரு மகன்

துயரம் நம்மை இரு வகையில் வந்தடைகிறது. செய்தியாக வருவது ஒன்று. அழுகுரலாக வருவது மற்றொன்று. செய்தியைப் படித்தவர் மறுநாள் மறந்துவிடலாம். அழுகுரலைக் காதாரக் கேட்டவர் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

அமெரிக்க நாட்டின் நிறவெறிக் கொடுமைகளின் வரலாற்றில் இதற்குச் சான்று உண்டு. 1955ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் வெள்ளையர்களால் கொடூரமாகக் கொல்லப்பட்டான். அவன் அன்னை மேமி டில், சிகாகோ நகரில் நடந்த இறுதிச் சடங்கின்போது சவப்பெட்டியை மூடவிடவில்லை. சிதைக்கப்பட்ட அம்முகத்தை உலகம் காணவேண்டும் என்பது அவர் உறுதி. குற்றஞ்சாட்டப்பட்ட இருவரையும், வெள்ளையர் மட்டுமே அடங்கிய நடுவர் குழு குற்றமற்றவர் என விடுவித்தது. நீதிமன்றம் கைவிட்ட உண்மையைத் தாயின் துக்கமே உலகறியச் செய்தது.

அத்தகைய துக்கத்தை நம் காலத்தில் இசைநாடக மேடையில் ஏற்றிய படைப்பு ஒன்றைப்பற்றியே இங்குக் கூற விழைகிறேன். அதன் பெயர் ‘ப்ளூ’. இசையமைத்தவர் ஜெனீன் டெசோரி. பாடல்களையும் கதையையும் யாத்தவர் டேஸ்வெல் தாம்ப்சன் என்னும் கறுப்பினக் கலைஞர். நியூயார்க் மாநிலத்தின் க்ளிம்மர்கிளாஸ் விழாவில், 2019ஆம் ஆண்டு ஜூலையில், தாம்ப்சனே இயக்கி இது முதன்முதலாக அரங்கேறியது.

ஓபரா எனப்படும் மேலைநாட்டு இசைநாடகத்தில் பெரும்பாலும் உரையாடல்கூடப் பாட்டாகவே நிகழும். உரைநடையில் ஒரு கணத்தில் சொல்லி முடியும் சொல்லை, இசை பல நிமிடங்கள் நீட்டி நிறுத்தும். அதனாலேயே அக்கலை துக்கத்திற்கு ஏற்ற கலையாயிற்று. ஆனால், நெடுங்காலம் அம்மேடையில் மடிந்தவர்கள் பெரும்பாலும் அரசர்களும் இதிகாச வீரர்களும் காதலர்களுமே ஆவர். தெருவில் சுடப்பட்டு விழும் கறுப்பின இளைஞனுக்காக அம்மேடை அழுதது அரிது.

‘ப்ளூ’ என்னும் சொல்லுக்கு நீலம் என்று பொருள். அமெரிக்கக் காவலர் அணியும் உடையின் நிறம் அது. ஆங்கிலத்தில் அதே சொல் துயரத்தையும் குறிக்கும். கறுப்பின மக்கள் படைத்த ‘ப்ளூஸ்’ இசைக்குப் பெயர் வந்ததும் அவ்வழியே. இவை யாவும் ஒரு குடும்பத்தின் கதையில் வந்து கூடுகின்றன.

நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் கறுப்பினத் தம்பதியர் வாழ்கின்றனர். தனக்குப் பிறக்கப்போவது ஆண் மகவு என்று மனைவி மகிழ்ந்து கூறுகிறாள். தோழியர் மூவரின் முகமும் வாடுகிறது. இந்த நாட்டில் கறுப்பின ஆண் குழந்தையைப் பெறுவதா என்று அவர்கள் அஞ்சுகின்றனர். வாழ்த்த வந்த வாயிலிருந்து எச்சரிக்கை பிறக்கும் அவ்விடத்திலேயே நாடகத்தின் துயரம் விதைக்கப்பட்டுவிடுகிறது.

அத்தம்பதியருள் கணவன் காவல்துறையில் பணியாற்றுபவன். நீல உடை அணிந்து குடும்பத்தைக் காப்பவன். 16 ஆண்டுகள் கழிந்தபின், ஓவியத்தில் நாட்டமும் அநீதியைக் கண்டு பொறாத உள்ளமும் கொண்ட மகன், தந்தையின் உடையையே குற்றஞ்சாட்டுகிறான். கடுஞ்சொற்கள் எழுகின்றன. எனினும் தந்தை இறுதியில் மகனை மார்போடு அணைத்துக்கொள்கிறான்.

இரண்டாம் அங்கம் தொடங்கும்போது மகன் உயிரோடு இல்லை. அமைதியான கிளர்ச்சி ஒன்றில் வெள்ளைக் காவலன் ஒருவன் அவனைச் சுட்டுவிட்டான். தந்தையின் நீல உடையே கொன்றவனின் உடையும் ஆகும். கொலை மேடையில் காட்டப்படுவதில்லை. துப்பாக்கி ஓசைக்குப் பதிலாக, அதன் பின் வீட்டில் நிலைக்கும் வெறுமையையே ஆசிரியர்கள் நமக்குக் கேட்கத் தருகின்றனர். தந்தை பாதிரியாரை நாடிச் செல்கிறான். அவர் மன்னிப்பைப் பேசுகிறார். இவனோ பழியைப் பேசுகிறான். ஒருவரது ஆறுதலும் மற்றவரது சினமும் மோதுகின்றன. எளிதில் எதுவும் வென்றுவிடுவதில்லை. தாயைத் தோழியர் மூவரும் சூழ்ந்து நிற்கின்றனர். அன்று அஞ்சியவர்களே இன்று உடன் அழுகின்றனர். நம் ஊர்களில் இழவு வீட்டுப் பெண்கள் கூடி ஒப்பாரி வைப்பதைக் கண்டவர்களுக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

நாடகத்தில் எவருக்கும் பெயரில்லை. தந்தை, தாய், மகன், பாதிரியார் என்றே அழைக்கப்படுகின்றனர். பெயரிட்டிருந்தால் அது ஒரு வீட்டின் கதையாகியிருக்கும். பெயரில்லாமையால் பல வீடுகள் அதில் தம்மைக் காண்கின்றன. 2014இல் க்ளீவ்லாந்து நகரில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவன் தாமிர் ரைஸ் காவலரால் சுடப்பட்டு இறந்தான். நாடகம் அரங்கேறிய மறு ஆண்டே, 2020 மே 25ஆம் நாள், மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் ஒருவரின் முழங்காலின்கீழ் மாண்டார். அதற்குமுன் எழுதப்பட்ட நாடகம் அவரையும் சேர்த்தே அழுவதுபோலாயிற்று. அவ்வாண்டே வட அமெரிக்க இசை விமரிசகர் சங்கம் இதைச் சிறந்த புதிய ஓபரா எனப் பரிசளித்துப் பாராட்டியது. பின்னர் டெட்ராய்ட், சியாட்டில், ஆம்ஸ்டர்டாம், லண்டன் ஆகிய நகரங்களிலும் இது மேடையேறியது.

விலை மிகுந்த நுழைவுச்சீட்டு வாங்கி, மெத்தை இருக்கையில் அமர்ந்து, பிறர் துயரத்திற்குக் கண்ணீர் சிந்தி வீடு திரும்புவதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான வினாவே. இசை சட்டத்தைத் திருத்தாது, குற்றவாளியைத் தண்டிக்காது. ஆயினும், இறந்தவனைச் செய்தித்தாளின் ஒரு வரியாக எண்ணியவர், இரண்டு மணி நேரம் அவன் பெற்றோருடன் இருந்தபின் அவ்வாறு எண்ணுவது அரிது. நாடகத்தின் முடிவும் அதற்கே வழிசெய்கிறது. இறுதிச் சடங்கு முடிந்தபின் காலம் பின்னோக்கிச் செல்கிறது. தந்தை, தாய், மகன் மூவரும் ஒரு மேசையில் அமர்ந்து உணவருந்துகின்றனர். இன்னும் ஒரே ஒரு கிளர்ச்சிக்குப் போய்வருவதாக மகன் சொல்கிறான். அதன் விளைவு என்ன என்பதை நாம் அறிவோம், அவர்கள் அறியார்.

வாஷிங்டன் தேசிய ஓபரா நிறுவனத்தாரின் ஒலிப்பதிவு 2022இல் வெளிவந்துள்ளது. ஓபரா இசை பழக்கமில்லாத நேயர்கள், பாடல் வரிகளை அருகில் வைத்துக்கொண்டு இரண்டாம் அங்கத்தை மட்டுமேனும் ஒருமுறை கேட்பார்களாக.