ரேஸ் கார் கூண்டும் வீட்டுக் கம்ப்யூட்டரும்

"மாமா, வண்டிக்குள்ளே ரோல் கேஜ் போடப் போறேன். பைப் வளைச்சாச்சு, வெல்டிங்தான் பாக்கி" என்றான் அக்கா மகன். கிளப் ராலியில் ஓட்ட ஆசை அவனுக்கு. ரோல் கேஜ் என்பது, கார் உருண்டாலும் கூரை நசுங்காமல் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு. "விதிமுறை பார்த்தாயா?" என்றேன். "வெல்டருக்குத் தெரியும்" என்றான். கம்ப்யூட்டரை ஆன் செய்தேன்.

உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எப்.ஐ.ஏ.யின் இணைய தளத்தில், பின்னிணைப்பு ஜே, பிரிவு 253 என்ற பி.டி.எப். பைல் இலவசமாகக் கிடைக்கிறது. டவுன்லோட் செய்து திறந்தோம். பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியதில்லை. கண்ட்ரோல் விசையுடன் எப் விசையை அழுத்தி, சீம்லெஸ் என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினோம். தேவையான இடம் வந்து நின்றது.

தையல் மூட்டு இல்லாத, குளிர்நிலையில் இழுத்துச் செய்த கார்பன் ஸ்டீல் குழாயாக இருக்க வேண்டும். முக்கிய வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் குறைந்தபட்ச அளவு. பையன் வாங்கியிருந்ததோ தண்ணீர்க் குழாய். விட்டமும் தடிமனும் சரிதான். ஆனால் உள்ளே நீளவாக்கில் மூட்டு ஓடியது! அவன் முகம் வாடிவிட்டது. பணம் போனது போனதுதான். உயிர் போகவில்லையே என்றேன்.

புதுக் குழாய் வாங்கும் முன் எக்செல் திறந்தோம். விட்டத்திலிருந்து தடிமனைக் கழித்து, அதைத் தடிமனாலும் 0.02466 என்ற எண்ணாலும் பெருக்கினால், ஒரு மீட்டர் குழாயின் எடை கிலோவில் வரும். முதல் அளவுக்கு 2.62 கிலோ, இரண்டாவதற்கு 2.37 கிலோ. 50 மி.மீ. குழாய் எடை குறைவு; வளைவைத் தாங்கும் விறைப்போ சுமார் 15 சதவீதம் அதிகம். அதையே தேர்ந்தெடுத்தோம்.

நீங்களும் தேடும்போது மூன்றைக் கவனியுங்கள்.

1. பைல் எந்த ஆண்டுக்குரியது எனப் பாருங்கள். விதிகள் திருத்தப்படுவதுண்டு. பழைய பைலை நம்பி வெல்டிங் செய்திட வேண்டாம்.

2. நீங்கள் கலந்துகொள்ளும் போட்டியின் விதிமுறையையும் படியுங்கள். நம் நாட்டில் இதைக் கவனிக்கும் அமைப்பு எப்.எம்.எஸ்.சி.ஐ.

3. சான்று பெற்ற கூண்டு என்றால் உற்பத்தியாளரின் அடையாளத் தகடு அதில் இருக்க வேண்டும். அந்தக் கூண்டில் நீங்களாகத் துளையிடுவதோ வெல்டிங் செய்வதோ கூடாது.

குழாய் வளைப்பதற்கு முன் பைலைத் திறந்திருந்தால் செலவு மிச்சமாகியிருக்கும். வெல்டிங்குக்கு முன்னாவது திறந்தோமே!